வலப்பக்கம் நூற்றைம்பத்துமூன்று

இரண்டு திருகாணிகளை உதடுகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மூன்றாவதைக் கழற்றுகிறார் மேரிஜோசப்பின். மூன்றாவதும் உதட்டுக்கே போகிறது. போனின் முதுகைத் திறந்து, வேலையை முடித்து, மறுபடி மூடும்வரை அவரிடம் வாய்ப்பேச்சுக் கிடைக்காது. கேட்பவர்களுக்குப் புருவம் பதில் சொல்லும். ஒரு புருவம் உயர்ந்தால் "பொறுங்கோ". இரண்டும் உயர்ந்தால் "தண்ணிக்குள்ள போட்டனீங்கள், என்னட்டைப் பொய் சொல்லாதேங்கோ".

ஜேர்மனியில் இருக்கும் தங்கை, திருகாணிகளைப் போட்டு வைப்பதற்கென்று ஒரு காந்தத் தட்டு அனுப்பியிருந்தார். அதில் இப்போது சேலைக்குக் குத்தும் ஊசிகள் கிடக்கின்றன. "என்ரை சொண்டை விட நல்ல காந்தம் ஜேர்மன்காரனிட்டையும் இல்லை" என்பார். பதினெட்டு வருடத்தில் ஒரு திருகாணியையும் விழுங்கியதில்லை, ஒன்றையும் துளை மாற்றிப் போட்டதில்லை. இவை இரண்டும் அவருடைய பெருமைகள். போனுக்குள் இருக்கும் திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நீளம் வேறு வேறு. நீண்டதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை வெடித்துவிடும். ஆகவே உதட்டின் இடது மூலையில் இருப்பது மேல்துளைக்கு, வலது மூலையில் இருப்பது கீழ்த்துளைக்கு என்று ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்.

ஊர்காவற்றுறைப் பேருந்து நிலையத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் வீதியில், மேரிசுகந்தியின் தையற்கடைக்குப் பக்கத்தில், எட்டடி அகலத்தில் இருக்கிறது 'சகாய மாதா போன் திருத்தகம்'. ஜோசப்பினுக்கு ஐம்பத்தொரு வயது. வேலையை யாரிடமும் பழகியதில்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில், பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட நாட்களில், சத்தம் நின்றுபோன வானொலியைத் திறந்து பார்த்ததில் ஆரம்பித்தது. வானொலிக்குப் பிறகு கசெற், கசெற்றுக்குப் பிறகு போன்.

ஆனால் தீவுப் பகுதியில் அவருக்குப் பெயர் திருத்துவதால் மட்டும் வந்ததல்ல. விளங்காத செய்தி, தெரியாத இலக்கம், தானாக எரிந்து அணையும் திரை, இப்படி எது என்றாலும் "ஜோசப்பினக்காட்டைக் குடுங்கோ, பிடிச்சிடுவா" என்பார்கள். பிடிப்பதென்றால் கள்ளனைப் பிடிப்பதல்ல. காரணத்தைப் பிடிப்பது.

வேலணையில் ஆழ்வாப்பிள்ளையின் பலசரக்குக் கடையில் ஒரு கமரா இருக்கிறது. அதில் தெரிவதைக் கனடாவில் இருக்கும் மகன் தன் போனில் பார்ப்பான். ஒருநாள் காலை மகன் கோல் எடுத்து, "அப்பா, கடைக்குள்ள வெள்ளைச் சீலையோட ஆரோ நிக்கினம்" என்றான். ஆழ்வாப்பிள்ளை உள்ளே போய்ப் பார்த்தார், ஒருவரும் இல்லை. "நீங்கள் அவவைத் தாண்டித்தான் நடக்கிறியள் அப்பா" என்றான் மகன். அன்று கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஜோசப்பின் போய், ஏணியில் ஏறி, கமராவின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு இறங்கினார். கண்ணாடிக்கு மிக அருகில் கட்டப்பட்ட சிலந்தி நூல், காற்றுக்கு ஆடும் சேலைபோலத் தெரிந்திருக்கிறது. "பேய் எட்டுக் காலில நடக்காது ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நாகமுத்துவின் காரியம் இன்னும் சிக்கலானது. கணவர் இறந்து பதினொரு மாதம் கழித்து அவருடைய இலக்கத்திலிருந்து நாகமுத்துவின் போனுக்குக் காலை வணக்கம் வரத் தொடங்கியது. ரோசாப்பூப் படத்துடன், ஒவ்வொரு நாளும். இறந்தவரின் இலக்கத்தை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்திருந்தது. அதை வாங்கிய உழவு இயந்திரச் சாரதி ஒருவர், தன்னைத் தெரிந்தவர்கள் என்று தொலைபேசி காட்டிய எல்லோருக்கும் பூ அனுப்பிக்கொண்டிருந்தார். ஜோசப்பின் இதை மெதுவாக, மனம் நோகாமல் சொன்னபோது நாகமுத்து பெருமூச்சு விட்டார். "எனக்கும் சந்தேகமாத்தான் பிள்ளை இருந்தது. அந்த மனுசன் உயிரோட இருக்கேக்கை ஒருநாளும் எனக்குக் குட்மோர்னிங் சொன்னதில்லை."

காரணத்தைப் பிடிப்பதைவிட, பிடித்த விதத்தைச் சொல்வதில்தான் ஜோசப்பினுக்கு ஆசை. அதற்கு ஒரு முறை இருந்தது. வழக்கு முடிந்தது என்று நிச்சயமானதும், மேரிசுகந்தி தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுத்துவிட்டு வருவார். வெளியே ஓட்டோவில் சவாரிக்குக் காத்திருக்கும் கஜீபன் வாசலில் வந்து சாய்வான். போனுக்குக் காசு ரீலோட் போட வந்தவர்களும் நிற்பார்கள். பால் விடாத பிளேன்ரீ வரும். ஜோசப்பின் உதட்டிலிருந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, போத்தல் மூடியில் போட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு தொடங்குவார்: "முதல்ல நான் பிழையா யோசிச்சதைச் சொல்லுறன்." தன் பிழைகளையும் வரிசையாகச் சொன்ன பிறகே சரியானது வரும். அதைக் கேட்காமல் ஒருவரும் தங்கள் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனதில்லை.

நூலகத்திலிருந்து துப்பறியும் நாவல்கள் எடுப்பார். கடைசி அத்தியாயத்தை முதலில் வாசிப்பார். கேட்டால், "கொலையை விடுங்கோ, அது எல்லாப் புத்தகத்திலையும் ஒரே கொலைதான். எல்லாரையும் ஒரு அறைக்குள்ள கூப்பிட்டு இருத்திப்போட்டு அந்தாள் விளங்கப்படுத்திற இடம் இருக்கெல்லோ, அதுக்குத்தான் நான் புத்தகம் எடுக்கிறனான்" என்றார்.

போன வருடம் சித்திரை மாதம் யூலியட் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை, பைக்குள் ஒரு பழைய துவாய், துவாய்க்குள் மீன்பிடிகாரர்கள் கடலில் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து வைக்கும் ஜீபிஎஸ் கருவி. உப்புப் படிந்து பொத்தான்கள் வெளிறியிருந்தன.

கருவி யூலியட்டின் தகப்பன் சூசைப்பிள்ளையுடையது. தீவின் மேற்குக் கரையில், பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் மீன் கூடு போட்டும் தூண்டில் போட்டும் சீவித்தவர். தனியாகத்தான் போவார். கலவாயும் விளைமீனுமாக அவர் கொண்டுவந்ததைப்போல அந்தக் கரையில் வேறு ஒருவரும் கொண்டுவந்ததில்லை. மாசி மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஓம் என்றாலும் இல்லை என்றாலும் தலை ஒரே மாதிரித்தான் ஆடும். கட்டாரில் வேலை செய்த யூலியட்டின் கணவன் நிதர்சன், மாமனாரைப் பார்க்க வந்தவன், அவருடைய போட்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகத் தொடங்கினான்.

"ஐஞ்சு இடத்துக்குப் போய்ப் பார்த்திட்டார் அக்கா" என்றார் யூலியட். "இதில இருக்கிற புள்ளியெல்லாம் மணல். ஒரு கல்லும் இல்லை, பாரும் இல்லை. கூடு வெறுங்கூடாத்தான் வருது. அப்பான்ரை மீன் எங்கை இருந்து வந்தது?"

"புள்ளியை வேற ஆருக்கும் குடுத்தவரோ?"

"ஆர் கேட்டாலும் குடுப்பார். ஒளிக்கவே மாட்டார். கரையில அரைவாசிப் பேற்றை மிசினில அப்பான்ரை புள்ளிதான் கிடக்குது. போனவைக்கு ஒண்டும் அம்பிடுறேல்லை. அப்பான்ரை கைராசி எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டு விட்டிட்டினம்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "இடம் தெரிஞ்சால் இவர் இங்கையே நிண்டிடுவார் அக்கா. இல்லாட்டி ஆடி மாதத்தோட திரும்பிக் கட்டார்தான். சின்னவளுக்கு இப்பதான் தகப்பனைத் தெரியுது" என்றார்.

ஜோசப்பின் கருவியை வாங்கி வைத்துக்கொண்டார். அதில் நாற்பத்தொரு புள்ளிகள் இருந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் இலக்க வரிசை. எல்லாவற்றையும் ஒரு போனுக்கு மாற்றி வரைபடத்தில் விழுத்திப் பார்த்தார். நாற்பது கடலில் விழுந்தன. முதலாவது மட்டும் தரையில் விழுந்தது. பெருப்பித்துப் பார்த்தால் அது அந்த ஊர்ச் சேமக்காலைக்குள், கல்லறைச் சிலுவைகளுக்கு நடுவில் இருந்தது.

"சூசை அண்ணை சேமக்காலைக்குள்ளயோ போட்டைக் கட்டிறவர்?" என்று வாசலில் நின்ற கஜீபன் கேட்டான்.

ஜோசப்பின் சிரிக்கவில்லை. புதிதாகக் கருவி வாங்கிய எவரும் முதலில் என்ன குறிப்பார்கள்? தன் போட் நிற்கும் துறையைத்தான். துறை கரையில் இருக்கிறது. அது ஏன் சேமக்காலைக்குப் போனது? அதே கஜீபனின் ஓட்டோவில் ஏறி அந்தத் துறைக்குப் போனார். சூசைப்பிள்ளையின் போட் நின்ற இடத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டு, நிற்கிற இடத்தின் இலக்கத்தை எடுத்து, முதலாம் புள்ளியின் இலக்கத்துடன் ஒப்பிட்டார். கருவி இரண்டு வரி காட்டும், வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. வடக்கு வரியில் மாற்றம் இல்லை. கிழக்கு வரியின் கடைசி மூன்று இலக்கங்களில் வித்தியாசம் இருந்தது. மூன்று முறை எடுத்தார். வித்தியாசம் நூற்றைம்பத்தொன்று, நூற்றைம்பத்துநான்கு, நூற்றைம்பத்திரண்டு. ஒன்றிரண்டு கூடிக் குறையும், கருவிக்கு அதற்குமேல் நுட்பம் இல்லை. அப்படியானால் மனிதன் எந்த எண்ணைக் கூட்டியிருப்பான்?

மணலில் நின்றபடி ஜோசப்பின் சத்தமாகச் சிரித்ததைக் கண்டு, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்களாம்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து வருகிற பூசைகளில் ஒவ்வொரு வருடமும் வாசிக்கப்படும் சம்பவம் அது. இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் பிடிபடாத சீடர்களிடம், வலையைப் படகின் வலப்பக்கம் போடச் சொல்கிறார் ஆண்டவர். நூற்றைம்பத்துமூன்று பெரிய மீன்கள் பிடிபடுகின்றன. அதற்கு முந்தின கிழமைதான் பங்குச் சுவாமி அதை வைத்துப் பிரசங்கம் செய்திருந்தார். வரைபடத்தில் வலப்பக்கம் என்றால் கிழக்கு. சூசைப்பிள்ளை ஒவ்வொரு புள்ளியையும் குறித்த கையோடு, கிழக்கு வரியில் நூற்றைம்பத்துமூன்றைக் கூட்டி வைத்திருக்கிறார். நிலத்தில் அது ஏறத்தாழ இருநூற்றெண்பது மீற்றர். கருவி கையில் கிடைத்த அன்று, துறையில் வைத்து முதலாம் புள்ளியிலேயே அந்தக் கணக்கைப் பழகியிருக்க வேண்டும். மற்ற நாற்பதும் கடலுக்குள் கிடந்து ஒன்றும் சொல்லவில்லை. கரையில் கிடந்த அந்த ஒன்றுதான் காட்டிக்கொடுத்தது.

நேரே யூலியட்டின் வீட்டுக்குப் போனார். சூசைப்பிள்ளை விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார், பக்கத்தில் யூலியட் நின்றார். கஜீபனும் ஆவலோடு பின்னால் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். ஜோசப்பின் முழந்தாளில் இருந்து, கருவியைக் கிழவரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"சூசை அண்ணை, நூற்றைம்பத்துமூண்டு. வலப்பக்கம். சரியோ?"

கிழவர் அவரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாகத் தூக்கி, உள்ளங்கையைத் திரையின்மேல் வைத்து அழுத்தினார். கண் நிறைந்திருந்தது.

"ஓமெண்டுறார்!" என்றார் ஜோசப்பின். கஜீபன் விசிலடித்தான்.

மறுநாள் நிதர்சன் நூற்றைம்பத்துமூன்றைக் கழித்துப் பதினேழாம் புள்ளிக்குப் போனான். ஆழம் பார்க்க இறக்கிய ஈயக்குண்டு கல்லில் தட்டியது. இரண்டு நாள் கழித்துக் கூட்டை இழுத்தபோது தனியே தூக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை யூலியட் பெரிய கலவாய் ஒன்றை வாழையிலையில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். "இவர் பாஸ்போட்டை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டார் அக்கா" என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் ஜோசப்பினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பேருந்து வர, ஓடிப்போனார்.

கடைக்குள் நின்றவர்களுக்கு மீன் தெரிந்தது, கண்ணீர் தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

"என்னக்கா இது? எங்களுக்கும் சொல்லுங்கோவன்" என்றார் மேரிசுகந்தி.

அன்று என் போனைத் திருத்தக் கொடுத்துவிட்டு நானும் அங்கே இருந்தேன். ஜோசப்பின் சற்றுத் தயங்கியதையும் கண்டேன். "புள்ளி ஒண்டும் சொல்ல மாட்டன். அது அந்தப் பிள்ளையின்ரை சோறு. பிடிச்ச விதத்தை மட்டும் சொல்லுறன்" என்றார். பிளேன்ரீ வந்தது. திருகாணிகள் போத்தல் மூடிக்குள் விழுந்தன. பிழையாக யோசித்ததிலிருந்து தொடங்கி, சேமக்காலை, துறை, மூன்று தடவை எடுத்த அளவு, சுவாமியின் பிரசங்கம் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். "நூற்றைம்பத்துமூண்டு! மனுசன் தன்ரை வீட்டுக்கு வாற வழியைக்கூட வலப்பக்கம் தள்ளிப்போட்டெல்லோ இருந்தவர்!" என்று முடித்தபோது மேரிசுகந்தி கை தட்டினார். நானும் தட்டினேன். அவர் சொன்ன கதைகளில் அதுதான் சிறந்தது. ரீலோட் போட வந்து நின்ற இரண்டு பேர் கை தட்டாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

புள்ளி ஒன்றையும் ஜோசப்பின் சொல்லவில்லை என்பது உண்மை. சொல்லவேண்டி இருக்கவுமில்லை. சூசைப்பிள்ளையின் புள்ளிகள் ஏற்கெனவே கரையில் அரைவாசிப் பேருடைய கருவிகளில் கிடந்தன. கழிக்க வேண்டிய எண் ஒன்று மட்டுமே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

வைகாசி பிறப்பதற்குள் பதினேழாம் புள்ளிக்குமேல் ஆறு போட்டுகள் நின்றன. பிறகு இருபது. வேறு கரைகளிலிருந்தும் வந்தார்கள். போட்டிருந்த கூடுகளுக்குமேல் வலை போட்டார்கள். வலை கல்லில் சிக்க, இழுத்த இழுவையில் கல்லும் உடைந்து வந்தது. சிலிண்டர் கட்டிச் சுழியோடுகிறவர்கள் வந்து சிங்க இறாலைப் பொந்து பொந்தாகத் துடைத்தார்கள். சூசைப்பிள்ளை ஒரு பாரில் கூடு போட்டால் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கம் போகமாட்டார் என்று யூலியட் பின்னர் சொன்னார். நாற்பது இடம் வைத்திருந்தது அதற்காகத்தான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்க முன்னமே நாற்பதும் முடிந்துவிட்டன. நிதர்சனின் கூடுகளில் இரண்டை யாரோ அறுத்தும் விட்டார்கள். மிச்சக் கூடுகள் வெறுமையாக வந்தன.

இரகசியத்தை யார் வெளியே விட்டது என்று கரையில் விசாரித்துத் திரிந்தார்கள். கஜீபன், தான் சொல்லவில்லை என்று கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்தான். ஜோசப்பின் அவனைக் கூப்பிட்டு, "ஏன்டா விசரா கண்ட கண்ட இடத்தில சத்தியம் பண்ணித் திரியிறாய்? துப்பறிய வேண்டிய தேவையே இல்லாத வழக்கு இது ஒண்டுதான்" என்றார்.

ஆனியில் ஒருநாள் தனியாகப் பேருந்தில் போய், சூசைப்பிள்ளையின் விறாந்தையில் மறுபடி முழந்தாளில் இருந்தார். கிழவரின் கதிரை கடலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. தூரத்தில், அவருடைய பார்கள் இருந்த திசையில், காற்றுக்கும் பயப்படாத இரண்டு போட்டுகள் நின்றன. மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் போனார். ஆனால் கேட்கத் தெரியவில்லை. விறாந்தையில் கிடந்த கருவியை எடுத்து, அவருக்கு நேரே பிடித்து, "சூசை அண்ணை..." என்று மட்டும் சொன்னார். கிழவர் இடது கையைத் தூக்கினார். வாசலைப் பார்த்தார். வாசலில் இம்முறை ஒருவரும் இல்லை. ஆனாலும் உள்ளங்கையைத் திரையின்மேல் வைத்து மூடினார். அழுத்தினார். எடுக்கவில்லை.

"அதுதான் அண்டைக்கும் செய்தவர்" என்று ஜோசப்பின் எனக்குச் சொன்னார். "நான் ஓமெண்டுறார் எண்டு சொன்னன். அந்த மனுசன் மூடு எண்டு சொல்லியிருக்குது. கஜீபன் நிலையில நிக்கிறான், வாயை மூடு எண்டு. ஒரு சின்னப்பிள்ளைக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கேல்லை. நூற்றைம்பத்துமூண்டைப் பிடிச்சனான், ஒரு கையைப் பிடிக்கத் தெரியேல்லை."

இன்னொன்றும் சொன்னார். அதை அவர் சொல்லிய விதம் ஒரு போனில் கண்ட பழுதைச் சொல்வதைப்போல இருந்தது. "அவர் எல்லாருக்கும் புள்ளி குடுத்தவர் எண்டு யூலியட் முதல் நாளே எனக்குச் சொன்னவள். அதை வைச்சுத்தான் புள்ளியில ஏதோ சூட்சுமம் இருக்கு எண்டு நான் பிடிச்சனான். பேந்து வாயைத் திறக்கேக்கை அது எங்கை போனது? இந்த மேசையிலதான் கிடந்தது."

நிதர்சன் ஆடியில் கட்டாருக்குத் திரும்பிப் போனான். அவன் போய் இரண்டாம் கிழமை யூலியட் தன் போனைக் கொண்டுவந்தார். வீடியோ கோலில் முகம் தெரிகிறது, சத்தம் வரவில்லை. ஜோசப்பின் திறந்து பார்த்து, காதுப் பகுதியில் சேர்ந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டார். காசு வாங்கவில்லை. யூலியட் கொடுக்காமல் போகவில்லை, மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார். போகும்போது சொன்னது ஒன்றுதான்: "அப்பா கையை வைச்சது ஏனெண்டு எனக்கும்தான் விளங்கேல்லை அக்கா. நானும் பக்கத்தில நிண்டனான்." ஆறுதலுக்குச் சொன்னதுதான். அன்று முழுவதும் ஜோசப்பின் வேறு போன் எதையும் திறக்கவில்லை என்று மேரிசுகந்தி சொன்னார்.

இப்போதும் புதிர்கள் வருகின்றன. இப்போதும் பிடிக்கிறார். காரணத்தைச் சொந்தக்காரருக்கு மட்டும் சொல்கிறார், அதுவும் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போய், காதுக்குள். மேசையோரத்தில் நூலகப் புத்தகம் ஒன்று கிடக்கிறது. சிம் அட்டையை உடைத்தெடுத்த வெற்றுச் சட்டத்தை அடையாளத்துக்கு வைத்திருக்கிறார். அது கடைசி அத்தியாயத்துக்கு முந்தின பக்கத்தில் நிற்கிறது. போன முறை நான் போனபோதும் அங்கேதான் நின்றது.

போன மாதம் நெடுந்தீவிலிருந்து இராசேஸ்வரி என்பவர் வந்திருந்தார். முகத்தில் உண்மையான கவலை.

"ஒவ்வொரு நாளும் காலமை பத்து மணிக்கு இது என்னை இந்தியாவுக்கு வரவேற்குது தங்கச்சி. 'நல்வரவு' எண்டு மெசேச் வருது. நான் கிணத்தடியை விட்டு ஒரு இடமும் போகேல்லை. ஆரும் என்ரை பேரில கள்ளத்தோணி ஏறீட்டினமோ?"

கஜீபன் உடனே உள்ளே வந்தான். மேரிசுகந்தியின் தையல் இயந்திரம் நின்றது. எனக்குக் காரணம் பாதி தெரியும்: நெடுந்தீவின் மேற்குக் கரையில் சில இடங்களில் அக்கரையில் இருக்கும் இந்தியத் தொலைபேசிக் கோபுரத்தின் அலை எட்டும். ஏன் பத்து மணிக்கு மட்டும் என்பது தெரியாது.

ஜோசப்பினின் உதட்டில் அப்போது இரண்டு திருகாணிகள் இருந்தன. அவற்றை எடுக்காமலே கேள்வி கேட்டார். ஒரு தாளில் எழுதி நீட்டினார்: 'பத்து மணிக்குப் போனை எங்கே வைப்பீர்கள்?' இராசேஸ்வரி யோசித்துச் சொன்ன பதிலைக் கேட்டு இரண்டு புருவமும் உயர்ந்தன. போனை வாங்கி, உள்ளே எதையோ தேடி, ஒரு பொத்தானை மாற்றினார். பிறகு இராசேஸ்வரியின் கையைப் பிடித்து வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேப்பமரத்துக்குக் கீழே நின்று, திருகாணிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு அவருடைய காதுக்குள் சொன்னார். இராசேஸ்வரி முதலில் வாயைப் பொத்தினார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எங்களுக்குக் கேட்டது, காரணம் கேட்கவில்லை.

திருகாணிகளை மறுபடி உதட்டில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்து கதிரையில் இருந்தார் ஜோசப்பின். இராசேஸ்வரியின் போன் மேசையில் கிடந்தது, திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, எப்பிடிப் பிடிச்சனீங்கள்? சொல்லுங்கோவன்" என்றான் கஜீபன், கழுத்தை நீட்டிக்கொண்டு. "பிளேன்ரீ நான் எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் அவனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். திருகாணிகள் உதட்டிலேயே இருந்தன. இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திரையின்மேல் வைத்து, மெதுவாக அழுத்தினார்.